மறைப்பதா, மங்கலாகக் காட்டுவதா? கணினிவழிக் கள ஆய்வில் ஒரு பிரச்சினை

மும்பையின் தேவ்நாரில் உள்ள பன்னாட்டு மக்கள்தொகை அறிவியல் நிறுவனம் 1956ஆம் ஆண்டில் தோற்றுவிக்கப்பட்டது. தேசியக் குடும்பநல ஆய்வுகளை நடத்தும் பொறுப்பு இந்நிறுவனத்துடையது. 1992-93இல் நடந்த முதல் ஆய்வில் விடைகள் காகிதப் படிவத்தில் எழுதப்பட்டன. 2015-16இல் நடந்த நான்காம் ஆய்வில் களப்பணியாளரின் கைக்குச் சிறு கணினி வந்தது. 2019-21இல் நடந்த ஐந்தாம் ஆய்வில் 6,36,699 குடும்பங்களின் விவரங்கள் இம்முறையிலேயே திரட்டப்பட்டன.

காகிதப் படிவத்தில் எல்லாக் கேள்விகளும் அச்சிடப்பட்டிருக்கும். பொருந்தாதவற்றைப் பணியாளரே தாண்டிச் செல்ல வேண்டும். கணினியோ முந்தைய விடையைக் கொண்டு பொருந்தாத கேள்வியைத் திரைக்கே வரவிடாது. கருவுற்றிருக்கும் பெண்ணிடம் தற்போதைய கருத்தடை முறை பற்றிய கேள்வி எழுவதில்லை. பிழையும் காலவிரயமும் இதனால் குறைகின்றன என்பதை மறுப்பதற்கில்லை.

எனினும், பயன்படாத ஒன்றைத் திரையிலிருந்து அகற்றிவிடுவதா, செயலற்ற நிலையில் மங்கலாகக் காட்டுவதா என்பது மென்பொருள் வகுப்போரின் வசதியை மட்டும் பொறுத்ததன்று. எந்நிலையிலும் பயன்படாததை மறைக்கலாம். இன்னொரு விடை நிரப்பப்பட்டதும் பயன்படக்கூடியதை மங்கலாகக் காட்டி, காரணத்தையும் ஓரிரு சொற்களில் குறிப்பிட வேண்டும் என்பது பொதுவாக ஏற்கத்தக்க விதி. கைப்பேசியின் சிறிய திரை மறைத்தலின் பக்கமே சாய்கிறது என்பது வேறு செய்தி.

ஆனால் களத்தில் இவ்விதி மட்டும் போதாது. குடும்ப வன்முறை பற்றிய பகுதியை எடுத்துக்கொள்வோம். தேர்ந்தெடுக்கப்பட்ட குடும்பத்தில் ஒரு பெண்ணிடம் மட்டுமே, அதுவும் தனிமை வாய்த்தால் மட்டுமே, இக்கேள்விகள் கேட்கப்படும். தனிமை கிட்டாத வீட்டில் இப்பகுதியின் தலைப்பு மங்கலாகத் தெரிந்தாலும் போதும். கணவர் எட்டிப் பார்த்தால் அப்பெண்ணுக்குத் தீங்கு நேரலாம். இங்கு மறைத்தலே பாதுகாப்பு.

இதற்கு நேர்மாறான நிலையும் உண்டு. அண்மைய ஐந்தாண்டுகளில் பிறந்த குழந்தைகளைப் பற்றித் தடுப்பூசி, உணவு, நோய் என நீண்ட கேள்விகள் உள்ளன. நான்கரை வயதுக் குழந்தைக்கு ஐந்து நிறைந்துவிட்டதாகப் பதிந்தால் அவை அனைத்தும் மறைந்துவிடும். பணியாளருக்குப் பளு குறையும். பல நாட்டு ஆய்வுகளில் காணப்பட்ட இக்குறை காகிதக் காலத்திலும் இருந்ததே. ஆனால் அன்று வெற்றுப் பக்கங்களேனும் மேற்பார்வையாளரின் கண்ணில் பட்டன. இதனால் விளைவது சிறு தவறன்று. அண்மைக்காலப் பிறப்புவிகிதம் குறைந்து தோன்றும், அதன்மீது திட்டங்கள் எழும்.

ஆகவே, விடையளிப்போர் முன்னிலையில் மறைக்கப்படும் பகுதி மேற்பார்வையாளரின் திரையில், எந்த விடையால் அது தவிர்க்கப்பட்டது என்ற குறிப்புடன், தெரிதல் வேண்டும்.

2027ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு கைப்பேசிச் செயலி வழியாக நடைபெறும் எனவும், மக்கள் தாமே விவரங்களைப் பதியலாம் எனவும் அரசு அறிவித்துள்ளது. தாமே பதிவோருக்கு அருகிலிருந்து விளக்கப் பயிற்சி பெற்ற பணியாளர் இருக்கமாட்டார். அவர்களது திரையில் மங்கிக் கிடக்கும் பொத்தான் ஒவ்வொன்றும், எந்தக் கட்டம் இன்னும் நிரப்பப்படவில்லை என்பதை அவரவர் மொழியில் சொல்லியாக வேண்டும்.