பதினெட்டு நாள் போதாது

1998 மே மாதம் 'டீப் இம்பாக்ட்' வெளிவந்தது. ஜூலையில் 'ஆர்மகெடான்' வந்தது. இரண்டு படத்திலும் விண்வெளியிலிருந்து ஒரு பெரும்பாறை பூமியை நோக்கி வருகிறது. இரண்டிலும் அணுகுண்டைச் சுமந்துகொண்டு மனிதர்கள் அதை எதிர்கொள்ளப் புறப்படுகிறார்கள். தியாகம், கண்ணீர், வெடி, கடைசியில் நீல வானம். தமிழில் 2018-ல் வந்த 'டிக் டிக் டிக்' படமும் இந்தத் தடத்திலேயே போனது. அணு ஏவுகணையால் பாறையை உடைத்துவிட்டால் ஊர் பிழைத்துவிடும்.

பெரிய ஆபத்துக்குப் பெரிய குண்டு என்ற எண்ணத்தோடு நாம் தியேட்டரை விட்டு வெளியே வருகிறோம். இந்த எண்ணம் தவறு. அதை அப்படியே விட்டுவிடவும் கூடாது. ஏனென்றால், நிலநடுக்கத்தை நம்மால் நிறுத்த முடியாது, எரிமலையை மூட முடியாது, புயலைத் திருப்பிவிட முடியாது. இயற்கைப் பேரழிவுகளில் கணக்குப் போட்டு, நாள் குறித்து, நடக்காமலே செய்துவிடக்கூடியது விண்பாறை மோதல் ஒன்றுதான். அதற்கு என்ன வேண்டும் என்பதில் சினிமா நம்மைத் திசைதிருப்பிவிட்டது.

'ஆர்மகெடான்' படத்துப் பாறை, டெக்சாஸ் மாநிலத்தின் அளவு கொண்டதாம். டெக்சாஸின் அகலம் சுமார் 1,200 கி.மீ. சிறுகோள் பட்டையில் உள்ளவற்றிலேயே பெரியதான செரஸின் விட்டமே சுமார் 940 கி.மீ.தான். அதை 1801-லேயே, இன்றைய பள்ளிக்கூடத் தொலைநோக்கியைவிடப் பெரிதாகச் சொல்ல முடியாத ஒரு கருவியால், இத்தாலியப் பாதிரியார் பியாட்சி கண்டுபிடித்துவிட்டார். அதைவிடப் பெரிய பாறை 18 நாள் பயணத் தூரத்தில் இருந்தால், தொலைநோக்கியே தேவைப்படாது. மொட்டைமாடியில் நின்று பார்க்கிற யாருக்கும் அது ஒளிமிக்க விண்மீனாகத் தெரியும். ஆனால் படத்தில் மோதலுக்கு 18 நாள் முன்புதான் நாசாவுக்கே அது தெரியவருகிறது.

அடுத்தது குண்டு. எண்ணெய்க் கிணறு தோண்டுகிறவர்கள் அந்தப் பாறையில் 240 மீட்டர் துளை போட்டு ஓர் அணுகுண்டை இறக்குகிறார்கள். பாறை இரண்டாகப் பிளந்து, இரு பாதியும் பூமியின் இரு பக்கமாக விலகிப் போகின்றன. இவ்வளவு பெரிய பாறையைக் கட்டிப்பிடித்து வைத்திருப்பது அதன் சொந்த ஈர்ப்பு விசை. செரஸ் அளவுள்ள ஒன்றை எடுத்து, அந்த ஈர்ப்பை மீறித் துண்டுகளைச் சிதறடிக்க எவ்வளவு ஆற்றல் வேண்டும் என்று கணக்கிட்டுப் பார்க்கலாம். மனிதன் இதுவரை வெடித்ததிலேயே பெரிய குண்டு, 1961 அக்டோபரில் சோவியத் ஒன்றியம் வெடித்த 50 மெகாடன் 'ஸார்' குண்டு. அதைப் போல 30 கோடிக்கும் மேற்பட்ட குண்டுகள் ஒரே சமயத்தில் வெடிக்க வேண்டும். உலகின் ஆயுதக் கிடங்கு முழுவதையும் கொண்டுபோனாலும் அந்தப் பாறைக்கு ஒரு புதிய பள்ளம் கிடைக்கும், அவ்வளவுதான்.

சரி, மோதும்போது பேரழிவை உண்டாக்கும் ஆற்றல் இந்தப் பாறைகளுக்கு எங்கிருந்து வருகிறது? வேகத்திலிருந்து. பள்ளியில் படித்த இயக்க ஆற்றல் சூத்திரத்தில் நிறை ஒரு முறை வருகிறது, வேகம் தன்னைத்தானே பெருக்கிக்கொண்டு இரு முறை வருகிறது. ஒரு கிலோ கல், நொடிக்கு 20 கி.மீ. வேகத்தில் வந்தால் அதனிடம் சுமார் 48 கிலோ டிஎன்டி வெடிமருந்தின் ஆற்றல் இருக்கும். கல்லுக்குள் மருந்து எதுவும் இல்லை. ஆனாலும் நிற்கிற இடத்தில் அத்தனையும் வெப்பமாகவும் அதிர்வாகவும் மாறியே ஆகவேண்டும்.

அது எப்படி இருக்கும் என்பதை 2013 பிப்ரவரி 15 காலையில் ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க் நகரம் பார்த்தது. சுமார் 20 மீட்டர் அகலமுள்ள பாறை, நொடிக்கு 19 கி.மீ. வேகத்தில் வளிமண்டலத்துக்குள் சாய்வாக நுழைந்து, தரைக்கு ஏறக்குறைய 30 கி.மீ. உயரத்தில் சிதறியது. வெளிப்பட்ட ஆற்றல் 400 கிலோடன்னுக்கும் மேல், அதாவது ஹிரோஷிமா குண்டைப் போல ஏறத்தாழ 30 மடங்கு. சூரியனையும் மங்கவைத்த ஒளி. அடுத்து அமைதி. இரண்டு நிமிடத்துக்கும் மேல் ஒரு சத்தமும் இல்லை.

சினிமாவில் இந்த இடைவெளி வருவதே இல்லை. வெளிச்சமும் வெடிச்சத்தமும் கைகோத்து வரும். நிஜத்தில் ஒளி உடனே வந்துவிடும், அதிர்வலையோ கிட்டத்தட்ட ஒலியின் வேகத்தில், மூன்று நொடிக்கு ஒரு கி.மீ. என்று பின்னால் வரும். செல்யாபின்ஸ்க் மக்கள் அந்த இரண்டு நிமிடத்தில் என்ன செய்தார்கள்? நாமும் செய்திருக்கக்கூடியதைத்தான். வானத்தில் என்ன என்று பார்க்க ஜன்னலுக்கு ஓடினார்கள். கண்ணாடியில் முகம் பதித்து அவர்கள் பார்த்துக்கொண்டிருந்தபோது அதிர்வலை வந்து சேர்ந்தது. காயம்பட்டவர்கள் சுமார் 1,500 பேர். பெரும்பாலோரைக் கிழித்தது ஜன்னல் கண்ணாடி. ஒரு பள்ளியில் ஆசிரியை ஒருவர், ஒளியைக் கண்டதும் காரணம் புரியாமலேயே பிள்ளைகளை மேசைகளுக்கு அடியில் பதுங்கச் சொன்னார். பிள்ளைகள் காயமின்றித் தப்பினார்கள், அவருக்குக் காயம். எந்தப் பேரழிவுப் படமும் இந்த ஒரு பாடத்தை நமக்குச் சொல்லவில்லை. வானத்தில் அளவுகடந்த ஒளி தெரிந்தால் ஜன்னலை விட்டு விலக வேண்டும். ஆலை விபத்து, பட்டாசுக் கிடங்கு வெடிப்பு எல்லாவற்றுக்கும் இதே விதிதான்.

'டீப் இம்பாக்ட்' படத்துக்கு வருவோம். இரண்டில் இதுவே நேர்மையான படம் என்பேன். யூஜின் ஷூமேக்கர், கரோலின் ஷூமேக்கர் தம்பதியர் அதற்கு அறிவியல் ஆலோசகர்கள். அவர்கள் டேவிட் லெவியுடன் சேர்ந்து 1993-ல் கண்டுபிடித்த ஷூமேக்கர்-லெவி 9 என்ற வால்வெள்ளி, வியாழனின் ஈர்ப்பால் ஏற்கெனவே துண்டு துண்டாகக் கிழிந்திருந்தது. 1994 ஜூலையில் அந்தத் துண்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக, நொடிக்கு 60 கி.மீ. வேகத்தில் வியாழன் மீது விழுந்தன. பூமியையே மூடிவிடும் அளவுக்குக் கறுத்த வடுக்களை உலகமே தொலைநோக்கியில் பார்த்தது. இப்படி நடக்குமா என்று கேட்டுக்கொண்டிருந்த அரசுகள், நம் பூமியில் நடந்தால் என்ன என்று தீவிரமாகக் கேட்கத் தொடங்கியது அதற்குப் பிறகுதான்.

படத்தில் பூமியை நோக்கி வரும் வால்வெள்ளியின் சிறிய துண்டு அட்லாண்டிக்கில் விழ, நியூயார்க்கின் வானுயர்ந்த கட்டடங்களை விழுங்கும் அலை எழுகிறது. அலை எப்படி இருக்கும் என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 2004 டிசம்பர் 26 நம் கரையில்தான் நடந்தது. நடுக்கடலில் அந்த ஆழிப்பேரலையின் உயரம் ஒரு மீட்டருக்கும் குறைவு. மேலே கடந்துபோன ஜேசன் செயற்கைக்கோள் அளந்தது சுமார் 60 செ.மீ. ஆனால் ஒரு முகட்டுக்கும் அடுத்ததற்கும் நடுவே நூற்றுக்கணக்கான கி.மீ. 4 கி.மீ. ஆழக் கடலில் அப்படிப்பட்ட அலை மணிக்கு 700 கி.மீ. வேகத்தில் ஓடும். கரை நெருங்கி ஆழம் குறையக் குறைய வேகம் தளர்ந்து, பின்னால் வரும் நீர் முன்னால் போகும் நீரின் மேல் ஏறும். நாகப்பட்டினத்திலும் கடலூரிலும் வந்தது சினிமாவின் நிமிர்ந்த சுவரல்ல. நிற்காமல் உள்ளே வந்துகொண்டே இருந்த கடல்.

விண்பாறை எழுப்பும் அலை வேறு வகை. நிலநடுக்கம் ஆயிரம் கி.மீ. நீளத்துக்குக் கடலடியையே தூக்குகிறது. 100, 200 மீட்டர் பாறையோ ஓரிடத்தில் நீரைக் குழித்துத் தள்ளுகிறது. அதில் பிறக்கும் அலைகள் குட்டையானவை; தூரம் போகப்போக வேகமாக வலுவிழக்கும், ஆழம் குறைந்த கண்டத்திட்டில் உடைந்தும் போகும். ஆகவே சிறு பாறைகளைப் பொறுத்தவரை கடலில் விழுவதைவிட நகரத்தின் மேல் சிதறுவதற்கே அதிகம் அஞ்ச வேண்டும். மிகப் பெரிய பாறைக்கு இந்த ஆறுதல் பொருந்தாது. 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன் மெக்சிகோவின் சிக்ஸுலூப் பகுதியில் விழுந்து டைனோசர்களின் காலத்தை முடித்த பாறை சுமார் 10 கி.மீ. அகலம். அது கிளப்பிய பேரலையின் தொடக்க ஆற்றல், 2004-ல் நாம் பார்த்ததைப் போல 30,000 மடங்கு வரை இருந்திருக்கும் என்று 2022-ல் வெளிவந்த மிச்சிகன் பல்கலைக்கழகத்தினரின் ஆய்வு கணக்கிட்டது. கரையோரம் வாழ்ந்து அந்த நாளைப் பார்த்த ஒருவரால் அந்த எண்ணை ஒரு தடவைக்கு மேல் படிக்க முடியாது.

'டீப் இம்பாக்ட்' படத்தின் முடிவில் இயற்பியல் கைவிடப்படுகிறது. பெரிய துண்டைப் பூமிக்கு அருகே வெடித்துத் தூளாக்குகிறார்கள், பொடிகள் அழகாக எரிந்து உதிர்கின்றன. தூளாக்கினாலும் மொத்த நிறை அதேதான், வேகம் அதேதான், எனவே ஆற்றலும் அதேதான். தரையில் ஒரே இடத்தில் இறங்கவேண்டியதை வளிமண்டலம் முழுவதும் வெப்பமாக வாங்கிக்கொள்ளும்.

ஆக, உடைப்பது வழியில்லை. நகர்த்துவதுதான் வழி. எவ்வளவு நகர்த்த வேண்டும் என்பதில்தான் இந்த விஷயத்தின் உயிர் இருக்கிறது. ஒரு சிறுகோளின் வேகத்தில் நொடிக்கு ஒரு சென்டிமீட்டர், எறும்பு ஊரும் வேகம், கூட்டிவிட்டால் போதும் என்று வைத்துக்கொள்வோம். பத்து ஆண்டில் 31 கோடி நொடிகள் உண்டு. நேர்க்கணக்கில் அந்தப் பாறை 3,150 கி.மீ. தள்ளிப்போயிருக்கும். சூரியனைச் சுற்றும் பாதையில் இந்த வித்தியாசம் ஒவ்வொரு சுற்றிலும் சேர்ந்துகொண்டே போவதால், உண்மையில் அது ஏறக்குறைய மூன்று மடங்காகிவிடும். பூமியின் ஆரம் 6,371 கி.மீ. பாறை தப்பிவிடும், நாமும் தப்பிவிடுவோம். அதே ஒரு சென்டிமீட்டரை 'ஆர்மகெடான்' போல 18 நாளுக்கு முன் கொடுத்தால் விலகல் வெறும் 15 கி.மீ. சில மணி நேரமே மிச்சம் என்றால், தேவைப்படும் உந்துதல் நொடிக்கு நூற்றுக்கணக்கான மீட்டர். பாறை ஒன்றுதான், கணக்கும் ஒன்றுதான், மாறுவது நாம் எப்போது பார்த்தோம் என்பது மட்டும்.

இது காகிதக் கணக்காக இருந்த காலம் 2022 செப்டம்பர் 26-ல் முடிந்தது. நாசாவின் டார்ட் விண்கலம், டைமார்ஃபோஸ் என்ற சிறுகோள் மீது நேராகப் போய் மோதியது. சிறுகோளின் அகலம் சுமார் 160 மீட்டர், கலத்தின் எடை சுமார் 580 கிலோ, வேகம் நொடிக்கு 6 கி.மீ. அதில் வெடிகுண்டு கிடையாது. டைமார்ஃபோஸ் தன்னைவிடப் பெரிய டைடிமோஸைச் சுற்ற எடுத்துக்கொண்ட நேரம் 11 மணி 55 நிமிடம். அது 73 நொடி குறைந்தாலே வெற்றி என்று முன்பே வரையறுத்திருந்தார்கள். உண்மையில் குறைந்ததோ சுமார் 32 நிமிடம். மோதியபோது பின்னோக்கிப் பீறிட்ட கல்லும் தூசியும், ராக்கெட்டிலிருந்து வெளியேறும் புகை தள்ளுவதுபோலச் சிறுகோளைக் கூடுதலாகத் தள்ளிவிட்டன. மனித இனம் ஒரு விண்பொருளின் பாதையை வேண்டுமென்றே மாற்றியது அதுவே முதல் முறை. வேகத்தில் ஏற்பட்ட மாற்றம் நொடிக்கு 2.7 மில்லிமீட்டர்தான். எந்த இயக்குநரும் இதைக் காட்சியாக வைக்கமாட்டார். ஆனால் நம் காலத்தின் மகத்தான காட்சிகளில் ஒன்றாக நான் இதைத்தான் சொல்வேன்.

தள்ளத் தெரிந்துவிட்டது. பார்ப்பதுதான் பாக்கி.

2004 டிசம்பர் கடைசி வாரத்தில், நாம் கரையில் உறவுகளைத் தேடிக்கொண்டிருந்த அதே நாட்களில், வானியலாளர்கள் வேறொரு கணக்கில் மூழ்கியிருந்தார்கள். அந்த ஆண்டு கண்டுபிடிக்கப்பட்ட ஒரு சிறுகோள் 2029 ஏப்ரல் 13 அன்று பூமியில் மோதும் வாய்ப்பு டிசம்பர் 27-ல் 2.7 சதவீதம் வரை ஏறியது. அபோஃபிஸ் என்று பின்னர் பெயர் பெற்ற அந்தப் பாறை 300 மீட்டருக்கும் மேல். அதே ஆண்டு மார்ச்சில் எடுத்திருந்த பழைய படங்களில் அதன் தடம் கிடைத்த பிறகு 2029 ஆபத்து நீங்கியது. சாத்தியம் ஏறிவிட்டு இறங்குவது ஏன் என்று பலரும் கேட்கிறார்கள். தொடக்கத்தில் பாதை பற்றிய நிச்சயமின்மை ஒரு பெரிய வட்டாரம்; அதில் பூமி ஒரு சிறு புள்ளி. அளவீடுகள் சேரச் சேர வட்டாரம் சுருங்கும். பூமி இன்னும் அதற்குள் இருக்கும்வரை அதன் பங்கு பெருகிக்கொண்டே போகும். வட்டாரம் பூமியை விட்டு நழுவியதும் சட்டென்று பூஜ்யம். 2025 பிப்ரவரியில் 2024 ஒய்ஆர்4 என்ற சிறுகோளுக்கும் இப்படித்தான் 3.1 சதவீதம் வரை ஏறி, ஒரு வாரத்துக்குள் ஏறக்குறைய ஒன்றுமில்லாமல் போனது. அதன் சாத்தியப் பாதையில் தெற்காசியாவும் இருந்தது. அப்போது தொலைக்காட்சிகள் கிளப்பிய பீதியைவிட, இந்த நாலு வரி விளக்கம் மக்களுக்கு உதவியிருக்கும்.

இப்படிப் பார்ப்பதற்கென்றே ஓர் அமைப்பு வேண்டும் என்று கதையில் எழுதியவர், 1956 முதல் இலங்கையில் வாழ்ந்த ஆர்தர் சி. கிளார்க். 1973-ல் வந்த 'ராமாவுடன் சந்திப்பு' நாவலில், இத்தாலியில் விண்பாறை விழுந்த பிறகு மனிதர்கள் 'ஸ்பேஸ்கார்டு' என்ற காவலை அமைக்கிறார்கள். 1992-ல் நாசா தன் ஆய்வறிக்கைக்கு அந்தப் பெயரையே வைத்துக்கொண்டது. தமிழ்நாட்டுக்கும் இந்தத் தேடலில் பங்கு உண்டு. ஜவ்வாது மலையில் உள்ள காவலூர் வான் ஆய்வகத்தில் ஆர். ராஜமோகன் 1988 பிப்ரவரியில் கண்டுபிடித்த சிறுகோள் கணிதமேதையின் பெயரால் '4130 ராமானுஜன்' என்று வழங்கப்படுகிறது. அது பட்டையிலேயே சுற்றும் சாதுவான பாறை.

இன்றைய நிலை இதுதான். ஒரு கி.மீ.க்கு மேற்பட்ட, பூமிக்கு அருகே வரும் சிறுகோள்களில் பத்தில் ஒன்பதுக்கும் மேல் கண்டுபிடித்தாகிவிட்டது. ஆனால் ஒரு மாநிலத்தையே சீரழிக்கக்கூடிய 140 மீட்டர் வகையில் பாதிக்கும் குறைவாகவே தெரியும். 2020-க்குள் இதில் 90 சதவீதத்தைக் கண்டுபிடிக்க வேண்டும் என்று அமெரிக்க நாடாளுமன்றம் 2005-ல் சட்டம் போட்டது. அந்த நாள் வந்து போய்விட்டது. செல்யாபின்ஸ்க் பாறையை யாரும் முன்பே பார்க்காததற்குக் காரணம், அது சூரியன் இருக்கும் திசையிலிருந்து வந்தது. தரையிலுள்ள தொலைநோக்கிகளுக்கு அந்தத் திசை குருடு. கரிய பாறைகள் ஒளியை அதிகம் திருப்பி அனுப்புவதில்லை என்றாலும், வெயிலில் சூடாகி அகச்சிவப்பில் ஒளிர்கின்றன. அந்த ஒளியைப் பிடித்து, சூரியனுக்கு இன்னும் நெருங்கிய வானப் பகுதியையும் துழாவத்தான் 'நியோ சர்வேயர்' என்ற விண்வெளித் தொலைநோக்கி உருவாகிறது. 2027-ல் ஏவுவது திட்டம். அதன் தலைமை விஞ்ஞானி ஏமி மைன்சர். 2021-ல் வந்த 'டோன்ட் லுக் அப்' படத்தில், வால்வெள்ளியை ஆறு மாதம் முன்பே கண்டு சொல்லியும் யாரும் காதுகொடுக்காத அந்த விஞ்ஞானிகளின் கதைக்கு, அறிவியல் ஆலோசகராக இருந்தவரும் அவர்தான்.