பற்றாக்குறைக்குப் பரிசு தரலாமா?

வளர்ந்த மாநிலங்களில் திரளும் வரியைப் பின்தங்கிய மாநிலங்களுக்குக் கொடுத்தால், வாங்கும் அரசு சோம்பிவிடும் என்ற வாதம் ஒவ்வொரு நிதிக்குழுவின் போதும் எழுகிறது. பீகார் அரசின் வருவாயில் ஏறத்தாழ முக்கால் பங்கு ஒன்றிய அரசிடமிருந்து வருகிறது. தமிழ்நாடோ ஏறத்தாழ முக்கால் பங்கைத் தானே திரட்டிக்கொள்கிறது. இதை வைத்து மட்டும் பீகாரின் நிர்வாகத்தை எடைபோட முடியாது. வரி வசூலிக்கத் தொழிலும் வணிகமும் வேண்டும். அங்கே அவை குறைவு. எவ்வளவு கொடுக்கிறோம் என்பதைவிட, எதை அளந்து கொடுக்கிறோம் என்பதே அரசுகளின் நடத்தையைத் தீர்மானிக்கிறது.

15வது நிதிக்குழு 2021–26 காலத்துக்கு, பகிர்வுக்குரிய ஒன்றிய வரிகளில் 41 சதவீதத்தை மாநிலங்களுக்கு ஒதுக்கியது. அதைப் பிரிக்கும் சூத்திரத்தில் 45 சதவீத எடை, தனிநபர் வருமானத்தில் ஒரு மாநிலம் எவ்வளவு பின்தங்கியிருக்கிறது என்பதற்கு. கூடுதல் பங்குக்காக மக்களை ஏழ்மையில் வைத்திருந்துவிட்டு எந்த முதலமைச்சரும் தேர்தலைச் சந்திக்கத் துணியமாட்டார். பீகார் 2016இல் மதுவிலக்கைக் கொண்டுவந்து கலால் வருவாயை இழந்தது; அந்த இழப்பை ஈடுகட்டச் சூத்திரத்தில் இடமில்லை. முடிவெடுத்த அரசே சுமையையும் ஏற்கிறது.

வருவாய்ப் பற்றாக்குறை மானியம் அப்படியல்ல. வரிப்பங்கு போக எஞ்சும் பள்ளத்தை நிரப்ப, அதே குழு 17 மாநிலங்களுக்கு ஏறத்தாழ 2.95 லட்சம் கோடி ரூபாயைப் பரிந்துரைத்தது. மாநிலங்கள் காட்டும் கணக்கைக் குழு அப்படியே ஏற்பதில்லை, தானே மதிப்பிடுகிறது என்பது உண்மை. ஆனாலும் பற்றாக்குறையே தகுதியாகும்போது, செலவை அடக்கிய மாநிலம் ஏமாறுகிறது. வடகிழக்கின் மலை மாநிலங்கள் இந்த மானியமின்றி எப்படிப் பிழைக்கும் என்று கேட்கலாம். மலையும் தொலைவும் கூட்டும் செலவை நேரடியாக அளந்து கொடுப்பதே அதற்கு வழி. நிலப்பரப்பை அந்த அரசால் மாற்ற முடியாது. பற்றாக்குறையை மாற்ற முடியும்.

2011 கணக்கெடுப்பின்படி நாட்டு மக்களில் சுமார் 6 சதவீதம் பேர் வாழும் தமிழ்நாட்டுக்குக் கிடைத்த பங்கு 4.079 சதவீதம். முன்னேறியதற்குத் தண்டனையா என்ற கோபம் புரிகிறது. அதற்காகச் சமன்செய்தலைக் கைவிட்டால், இழப்பு பீகாரின் பள்ளிக்கும் மருத்துவமனைக்கும்தான். திருத்த வேண்டியது வேறிடம்: வரி திரட்டும் முயற்சிக்குச் சூத்திரம் தந்தது வெறும் 2.5 சதவீத எடை. வசூலின் அளவை விடுத்து, இருக்கும் வசதிக்கேற்ற முயற்சியை அளந்து அந்த எடையைக் கூட்டினால், ஏழை மாநிலமும் அதில் முந்தலாம்.