அறுபத்தொரு கட்டையையும் அழுத்திப் பார்த்து வாங்குங்கள்

தாம்பரம் பக்கம் ஒரு சபையில் பல வருஷமாகக் கீபோர்டு வாசிக்கிறேன். போன ஆண்டு ஒரு ஞாயிறு ஆராதனையில், ஜெபத்துக்குப் பின்னணியாக மெல்ல வாசித்துக்கொண்டிருந்தபோது ஒரே ஒரு கட்டை மட்டும் அறைந்தாற்போல் ஒலித்தது. கண்மூடி நின்றிருந்த பாட்டியம்மா ஒருவர் திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தார். நான் ஓங்கி அழுத்தவில்லை. பதினெட்டு வயதான என் வொர்க்ஸ்டேஷன் கணக்கைத் தப்பாகப் போட்டுவிட்டது.

அது என்ன கணக்கு? ஒவ்வொரு கட்டைக்கும் அடியில் கரி பூசிய இரண்டு ரப்பர் பொட்டுகள் இருக்கின்றன. கட்டை இறங்கும்போது முதல் பொட்டு முன்னால் தொடும், இரண்டாவது ஒரு நொடியின் சிறு பங்கு கழித்துத் தொடும். அந்த இடைவெளியைத்தான் கருவி அளக்கிறது. இடைவெளி குறைந்தால் வேகமாக அடித்தார் என்று சத்தத்தைக் கூட்டும். நீண்டால் மெதுவாகத் தொட்டார் என்று குறைக்கும். முதல் பொட்டில் தூசியும் ஈரமும் படிந்தால் அது தாமதமாகத் தொடும், இடைவெளி சுருங்கும், மெல்லிய தொடுகையும் அறையாக மாறும். இரண்டாவது பொட்டு கெட்டால் கட்டை ஊமையாகிவிடும். ஆகவே ஒரு கட்டை முரண்டு பிடிக்கிறது என்றவுடன் கருவியையே தலைமுழுகிவிட வேண்டாம். தெரிந்த மெக்கானிக்கிடம் கொடுத்தால், கழற்றி ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் துடைப்பார், இல்லையென்றால் ரப்பரை மாற்றுவார். புதுக் கருவியின் விலைக்கு முன் அது சில்லறைச் செலவு.

என் கருவிக்கு அதையும் செய்து பார்த்தேன். ஆனால் திரையின் வெளிச்சம் மங்கிவிட்டது, ஃபிளாப்பி டிரைவ் செத்துவிட்டது, உதிரிபாகமும் கிடைக்கவில்லை. மாற்றத்தான் வேண்டும்.

வொர்க்ஸ்டேஷன் என்பது வெறும் கீபோர்டு அல்ல. ஒலிகள், எஃபெக்ட்டுகள், வாசித்ததைப் பல தடங்களில் பதிந்து அடுக்கித் தரும் சீக்வென்சர் எல்லாம் ஒரே பெட்டிக்குள் இருக்கும். 1988-இல் வந்த கோர்க் எம்1 இந்த வகையை ஊரறியச் செய்தது. அதன் ஒலிகள் மொத்தமும் அடங்கியிருந்தது 4 எம்.பி. சிப்பில், இன்று ஃபோனில் எடுக்கும் ஒரு படத்துக்கே அவ்வளவு இடம் பிடிக்கிறது. 1999-இல் கோர்க் ட்ரைட்டன், 2001-இல் யமஹா மோட்டிஃப் வந்தன. தனியாக ஸ்டுடியோ வைக்க வசதியில்லாதவருக்கும் முழுப் பாட்டை அமைக்கும் பலத்தைக் கொடுத்தவை இவை.

இங்கேதான் பலர் பணத்தை விடுகிறார்கள். அரேஞ்சர் கீபோர்டு வேறு, வொர்க்ஸ்டேஷன் வேறு. இடது கையில் கார்டு பிடித்தால் டிரம்ஸும் பேஸும் தானாகக் கூட வருவது அரேஞ்சர்; 'ஸ்டைல்' என்று நாம் சொல்வது அதைத்தான். இந்திய ஸ்டைல்களோடு வரும் யமஹா பி.எஸ்.ஆர்-ஐ500 அந்த வகை. (யமஹா 2019 முதல் சென்னைக்குத் தெற்கே ஒன்ஹப் தொழிற்பூங்காவில் கீபோர்டு தயாரிக்கிறது என்பது நம் பக்கத்தாருக்கு ஒரு சந்தோஷச் செய்தி.) தனியாளாக வாசிப்பவருக்கு அரேஞ்சர் போதும், விலையும் குறைவு. பக்கத்தில் டிரம்ஸும் பேஸ் கிட்டாரும் இருக்கிற சபைக்கோ லைட் மியூசிக் குழுவுக்கோ ஸ்டைல் தேவையில்லை. கட்டைகளை இரண்டாகப் பிரித்து ஆளுக்கொரு டோன் வைக்கும் ஸ்ப்ளிட்டும், டோன்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் லேயரும்தான் சோறு போடும்.

கடையில் 'ஆயிரத்துக்கு மேல் டோன்' என்பார்கள். அதைக் கேட்டு மயங்க வேண்டாம். என் பதினெட்டு வருஷத்தில் முப்பதைத் தாண்டி நான் தொட்டதில்லை. ஒரு காலத்தில் கவலைப்பட வேண்டியிருந்தது ஒரே நேரத்தில் எத்தனை குரல் ஒலிக்கும் என்பதற்குத்தான். எம்1-இல் 16. பியானோவையும் ஸ்ட்ரிங்ஸையும் லேயர் போட்டால் ஒரு கட்டைக்கு இரண்டு குரலாவது போய்விடும். சஸ்டெயின் பெடலை மிதித்தபடி ஒன்பதாவது கட்டையைத் தொட்டால் முதலில் தொட்டது அறுந்துபோகும். இன்று பட்ஜெட் மாடல்களிலேயே 120, 128 குரல்கள் உண்டு. அந்தக் கவலை தீர்ந்தது.

விலையைக் குறைக்க எதை வெட்டுகிறார்கள் என்பதைத்தான் பார்க்க வேண்டும். பெரும்பாலும் கட்டைகளின் தரத்தையும், ஆஃப்டர்டச்சையும். கட்டையை அழுத்திய பிறகு இன்னும் கொஞ்சம் அமுக்கினால் ஒலி நடுங்குவதோ தடிப்பதோ ஆஃப்டர்டச். எம்1-இல் அது இருந்தது. 2018-இல் வந்த, பல விதத்தில் மிகச் சிறந்த யமஹா மோடெக்ஸில் இல்லை. புல்லாங்குழல், வயலின் டோன்களில் அதை நம்பி வாசிப்பவருக்கு இது பெரிய இழப்பு.

அடுத்தது இடது கை, அதாவது சுருதியை வளைக்கும் பிட்ச் பெண்ட். கோர்க்கின் எம்1, ட்ரைட்டன் போன்றவற்றில் ஜாய்ஸ்டிக், யமஹாவில் இரண்டு சக்கரங்கள், ரோலண்டில் பக்கவாட்டில் தள்ளும் நெம்புகோல். நம் இசைக்கு இது அலங்காரம் அல்ல, உயிர்நாடி. கட்டைக்கும் கட்டைக்கும் நடுவில் உள்ள கமகம் இந்தப் பிட்ச் பெண்டில்தான் பிறக்கிறது. கீபோர்டில் கர்நாடக சங்கீதக் கச்சேரி செய்யும் சத்யநாராயணன் வாசிப்பதைக் கேட்டால், வலது கைக்குச் சமமாக இடது கைக்கும் எவ்வளவு வேலை என்று புரியும். ஜாய்ஸ்டிக்கில் ஊறிய கை சக்கரத்துக்குப் பழக மாதங்கள் ஆகும். கடையில் நின்று ஒரு ஆனந்தபைரவியாவது வாசித்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

கனமும் முக்கியம். தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறி மாம்பலத்தில் இறங்கிக் கல்யாணக் கச்சேரிக்குப் போகிறவருக்கு, பத்து கிலோவைத் தாண்டும் பழைய கருவிகள் தோளை முறித்துவிடும். கோர்க் கிராஸ் 2-இன் 61 கட்டை மாடல் 3.8 கிலோதான், பென்டார்ச் பேட்டரியிலும் ஓடும். டிசம்பரில் வேனில் ஏறி வீடு வீடாகக் கேரல் ரவுண்ட்ஸ் போகும் எங்களுக்கு அது எவ்வளவு பெரிய வசதி!

செகண்ட் ஹேண்டில் ஒருகாலத்து உயர்ந்த மாடல் வாங்கலாமா? தாராளமாக, நிதானம் இருந்தால். பியானோ டோனை வைத்து, கீழிருந்து மேல் வரை 61 கட்டைகளையும் மெதுவாக ஒருமுறை, அழுத்தி ஒருமுறை வாசியுங்கள். அடாப்டர் பின்னை லேசாக அசைத்துப் பாருங்கள். ஒரு ஸ்வரத்தைப் பிடித்தபடி பிட்ச் பெண்டைத் தள்ளி விடுங்கள். சுருதி சரியாகத் திரும்பி நிற்கிறதா என்று கேளுங்கள்.

பழையதை விற்கவும் அவசரம் வேண்டாம். இசைக்கருவிகளை ஒன்றோடொன்று இணைக்க 1983-இல் வந்த மிடியின் ஐந்து பின் சாக்கெட் அதன் முதுகில் இருக்கும். ஒரு யு.எஸ்.பி. மிடி கேபிள் போட்டு லேப்டாப்போடு இணைத்தால், திரை மங்கிய அந்தக் கருவியின் நல்ல கட்டைகளால் புது ஒலிகளை வாசிக்கலாம். கையில் காசே இல்லாதவருக்கு இதுதான் முதல் வழி.

சீக்வென்சரில் வைத்திருந்த பாட்டுகளை மிடி ஃபைலாக மாற்றி எடுக்கலாம், ஆனால் வாசித்த விவரம்தான் வரும், டோன்கள் வராது. வருஷக்கணக்கில் செதுக்கிய ஸ்ப்ளிட்டும் லேயரும் வேறு கம்பெனிக் கருவிக்கு வராது. அதனால் என் மங்கிய திரைக்கு டார்ச் அடித்துக்கொண்டு ஒரு நோட்டில் எழுதி வருகிறேன்: எந்தப் பாட்டுக்கு எந்த டோன், எந்தக் கட்டையில் ஸ்ப்ளிட், ஸ்ட்ரிங்ஸ் வால்யூம் எவ்வளவு. இருபத்தேழு பாட்டு முடிந்திருக்கிறது.