வீடு மாறப் போகிறீர்களா? இன்றே ஆயத்தமாகுங்கள்!

வாடகை ஒப்பந்தம் முடிந்துவிடுகிறது. கணவருக்கு வேறு ஊருக்கு இடமாற்றம் வருகிறது. கிழக்கு மாகாணத்தில் என்றால், மகளுக்குக் கலியாணம் முடித்து வீட்டை அவளிடம் கொடுத்துவிட்டு, உம்மாவும் வாப்பாவும் வளவின் பின்புறத்தில் கட்டிய சிறு வீட்டுக்குப் போகிறார்கள். காரணம் எதுவாயினும், வீடு மாறுதல் எமது குடும்பங்கள் பலவற்றில் நடக்கின்ற ஒரு விடயம். மாறுவது முழுக் குடும்பமுமே என்றாலும், அதன் பாரம் வந்து விழுவது பெண்ணின் தோளில்தான்.

ஆண்கள் லொறி பேசிவிட்டு வருவார்கள். அடுப்படியை ஒழிப்பதும், அலுமாரியை வெறுமையாக்குவதும், பிள்ளைகளின் புத்தகங்களைத் தேடிச் சேர்ப்பதும், நோயாளியான மாமியின் மருந்துகளைப் பத்திரப்படுத்துவதும் உங்கள் வேலை. இவை எல்லாவற்றையும் கடைசி இரண்டு நாட்களுக்கு ஒத்திவைத்தால் என்ன நடக்கும்? லொறி வாசலில் நிற்கும். பாதிச் சாமான் கட்டப்படாமல் கிடக்கும். கணவர் சத்தமிடுவார். நீங்கள் பிள்ளைக்கு அடிப்பீர்கள். ளுஹர் தொழுகை பிந்திப்போகும். உடைந்த பீங்கானை மறுபடி வாங்கலாம். அன்று நாவிலிருந்து விழுந்த சொல்லைத் திரும்ப எடுக்க முடியாது.

"எல்லாம் அல்லாஹ் பார்த்துக்கொள்வான்" என்று இருந்துவிடுவது தவக்குல் ஆகாது. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத்தான் பொறுப்பை அல்லாஹ்விடம் ஒப்படைக்க வேண்டும் என்பது நபி (ஸல்) அவர்கள் எமக்குக் காட்டித் தந்த வழி.

ஹிஜ்ரத்தில் ஒரு படிப்பினை

622ஆம் ஆண்டில் நடந்த ஹிஜ்ரத்தை நாம் ஒவ்வொரு முஹர்ரத்திலும் நினைவுகூர்கிறோம். அதிலே எவ்வளவு திட்டமிடல் இருந்தது என்பதைச் சற்று எண்ணிப் பாருங்கள். அபூபக்ர் (ரழி) அவர்கள் இரண்டு ஒட்டகங்களுக்கு ஏறத்தாழ நான்கு மாதங்களாகத் தீனி கொடுத்துத் தயாராக வைத்திருந்தார்கள். பாதை தெரிந்த ஒருவர் கூலிக்கு அமர்த்தப்பட்டு, மூன்று இரவுகளின் பின்னர் தவ்ர் குகைக்கு வரும்படி சொல்லப்பட்டிருந்தார். செய்தி கொண்டுவர அபூபக்ரின் மகன் அப்துல்லாஹ், பாலுக்கு ஆடுகளை ஓட்டிவர ஆமிர் இப்னு புஹைரா என வேலைகள் பகிரப்பட்டிருந்தன. பிரயாண உணவைக் கட்டக் கயிறு இல்லாதபோது தமது இடுப்புக் கச்சையையே கிழித்துக் கொடுத்தவர் அஸ்மா (ரழி) என்ற பெண்மணி.

இன்னொன்றையும் கவனியுங்கள். மக்காவாசிகள் நபியவர்களிடம் நம்பி ஒப்படைத்திருந்த பொருட்களை உரியவர்களிடம் சேர்ப்பிக்க அலீ (ரழி) அவர்கள் ஊரில் தங்கவைக்கப்பட்டார்கள். உயிருக்கு ஆபத்தான வேளையிலும் அமானிதம் மறக்கப்படவில்லை. காலத்தோடு ஆயத்தமாதல், வேலையைப் பகிர்தல், எவருடைய பொருளும் எம்மிடம் மிஞ்சாமல் வெளியேறுதல் ஆகிய இம்மூன்றும் வீடு மாறும் எமக்கும் பொருந்துகின்றன.

ஆறு வாரங்களுக்கு முன்: நாளைத் தீர்மானியுங்கள்

ஸபர் மாதத்தில் வீடு மாறக்கூடாது, ஒடுக்கத்துப் புதனில் பொருள் நகர்த்தக்கூடாது என்று சில மூத்தும்மாமார் தடுப்பார்கள். ஸபர் மாதத்தைப் பீடையாகக் கருதும் எண்ணத்தை நபியவர்கள் நிராகரித்திருக்கிறார்கள். பக்குவமாக எடுத்துச் சொல்லுங்கள். நீங்கள் பார்க்க வேண்டியது மழையை. கல்முனை, காத்தான்குடி, மூதூர்ப் பக்கம் நவம்பர் முதல் ஜனவரி வரை அடைமழைக் காலம். கொழும்பு, பேருவளை, காலிப் பக்கம் மே, ஜூன் மாதங்களும் ஒக்டோபரும் நனைக்கும். திறந்த லொறியில் மெத்தையை ஏற்றுபவர்களுக்கு இது சிறிய விடயமல்ல.

முஸ்லிம் பாடசாலைகளுக்கு நோன்பு கால விடுமுறை கிடைப்பதால் பலர் அப்போது மாற நினைப்பார்கள். பிள்ளைகளின் படிப்புக்கு அது வசதிதான். ஆனால் கடைசிப் பத்தைப் பெட்டி கட்டுவதில் கழித்துவிடாதீர்கள். மாறுவதாயின் நோன்புக்கு முன்னரே மாறி, புதிய வீட்டில் அமைதியாக ரமழானை வரவேற்பது மேல்.

வீட்டில் இத்தா இருக்கும் பெண் ஒருவர் இருந்தால், நாள் குறிப்பதற்கு முன் ஆலிம் ஒருவரிடம் மார்க்கத் தெளிவைப் பெற்றுக்கொள்ளுங்கள்.

நாள் முடிவானதும் ஒரு கொப்பியை எடுங்கள். ஒரு பக்கத்தில் செய்ய வேண்டியவை, மறு பக்கத்தில் யார் செய்வது என எழுதுங்கள். வாப்பாவின் வேலை, மூத்த மகனின் வேலை, மகளின் வேலை என்று பெயர் போட்டே எழுதுங்கள். நபி (ஸல்) அவர்கள் வீட்டு வேலைகளில் மனைவியருக்கு உதவியாக இருந்தார்கள் என்பதை ஆயிஷா (ரழி) அவர்கள் அறிவித்திருக்கிறார்கள். ஆகவே இந்தக் கொப்பியைக் கணவரிடம் காட்டத் தயங்க வேண்டியதில்லை.

ஒரு மாதத்துக்கு முன்: பத்திரங்களும் பாடசாலையும்

1990 ஒக்டோபர் இறுதியில் யாழ்ப்பாணத்து முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றியபோது அவர்களுக்குக் கிடைத்த அவகாசம் இரண்டு மணித்தியாலம். 2004 டிசம்பர் 26இல் கடல் பொங்கியபோது கரையோரத்து மக்களுக்கு அதுகூடக் கிடைக்கவில்லை. காணி உறுதி, பிறப்புச் சாட்சிப் பத்திரம், கலியாணப் பதிவு ஆகியவற்றை இழந்த எத்தனையோ சகோதரிகள், அவற்றின் பிரதிகளுக்காகக் கந்தோர் கந்தோராக அலைந்தார்கள். எமக்கு ஒரு மாத அவகாசம் கிடைத்திருக்கிறதென்றால் அது அல்லாஹ் தந்த பெரும் நிஃமத். அதை வீணாக்கலாமா?

பத்திரங்கள் அனைத்தையும் ஒரே பையில் சேர்த்து, போட்டோ பிரதிகளை வேறு பையில் வையுங்கள். நகைகளும் இந்தப் பையும் லொறியில் ஏறக்கூடாது. அவை உங்கள் கையிலேயே வரவேண்டும்.

பாடசாலை மாற்றத்தில் அவசரப்படாதீர்கள். புதிய பாடசாலை அதிபரைச் சந்தித்து இடமிருப்பதை உறுதி செய்த பின்னரே பழைய பாடசாலையில் விடுகைப் பத்திரம் கேளுங்கள். சாதாரண தரம் அல்லது உயர் தரம் எழுதும் ஆண்டில் இருக்கும் பிள்ளை என்றால், பரீட்சை முடியும்வரை பெரியம்மா வீட்டிலோ சாச்சி வீட்டிலோ தங்கவைக்க முடியுமா என்று யோசியுங்கள்.

பழைய கிராம உத்தியோகத்தருக்கும் புதிய கிராம உத்தியோகத்தருக்கும் அறிவித்து, வாக்காளர் இடாப்பில் பெயரை மாற்றிக்கொள்ளுங்கள். இது வெறும் வாக்குச் சீட்டு விவகாரம் என எண்ண வேண்டாம். முதலாம் தரத்துக்குப் பிள்ளையைச் சேர்க்கும்போது, வதிவிடத்துக்கு ஆதாரமாக முந்திய பல வருடங்களின் வாக்காளர் பதிவைக் கேட்கிறார்கள். இரண்டு வயதுக் குழந்தையுடன் மாறும் தாய்க்கு இது மிக முக்கியம்.

கர்ப்பிணியாக இருந்தால் மருத்துவ மாதுவிடம் சொல்லிவிட்டு, கர்ப்பகாலப் பதிவு அட்டையைப் புதிய பகுதி மருத்துவ மாதுவிடம் காட்டுங்கள். குழந்தையின் தடுப்பூசிப் பதிவேடும் அப்படியே. கிளினிக் செல்லும் மாமி, மாமா இருந்தால் வைத்தியரிடம் கடிதம் வாங்கி, ஒரு மாதத்துக்கான மருந்தையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்று வாரங்களுக்கு முன்: குறையுங்கள்

வருடக்கணக்கில் திறக்காத பெட்டியைக் கூலி கொடுத்து ஏற்றி இறக்குவது வீண்விரயம். அறைக்கு அறை பார்த்து மூன்றாகப் பிரியுங்கள்: கொண்டு போவது, கொடுப்பது, எறிவது. கொடுப்பதில் ஒரு நிபந்தனை. நீங்கள் அணியத் தயங்கும் கிழிசலை ஸதகா என்ற பெயரில் பிறர் தலையில் கட்டாதீர்கள். பிள்ளைகளுக்குச் சிறிதாகிவிட்ட பெருநாள் உடுப்புகளைத் துவைத்து மடித்துக் கொடுங்கள்.

அரிசி, மா, மிளகாய்த்தூள் எதையும் மொத்தமாக வாங்க வேண்டாம். இருப்பதைச் சமைத்து முடியுங்கள்.

இரண்டு வாரங்களுக்கு முன்: கட்டத் தொடங்குங்கள்

அடிக்கடி பயன்படாத சாமானிலிருந்து ஆரம்பியுங்கள். ஒரு நாளைக்கு இரண்டு பெட்டி போதும். புத்தகங்களைச் சிறிய பெட்டிகளில் அடுக்குங்கள். பெரிய பெட்டியில் போட்டால் எவராலும் தூக்க முடியாது. பீங்கான்களைப் பழைய துணியில் சுற்றி, படுக்கவைக்காமல் நிமிர்த்தி அடுக்குங்கள். ஒவ்வொரு பெட்டியிலும் எந்த அறைக்குரியது என்று தடித்த எழுத்தில் எழுதுங்கள். குர்ஆன் பிரதிகளையும் கிதாபுகளையும் தனிப் பெட்டியில் வைத்து, அதன்மீது வேறெதுவும் ஏற்றாதபடி குறித்துவிடுங்கள்.

பிள்ளைகளிடம் விடயத்தை மறைக்காதீர்கள். ஒரு மாலைப் பொழுதில் புதிய வீட்டையும், பாடசாலையையும், அருகிலுள்ள குர்ஆன் மத்ரஸாவையும் காட்டிவாருங்கள். தமது விளையாட்டுச் சாமான் பெட்டியை அவர்களே கட்டட்டும்.

கடைசி வாரம்: அமானிதத்தை ஒப்படையுங்கள்

பக்கத்து வீட்டுப் பாத்திரம் உங்கள் அடுப்படியில் இருக்கிறதா? நோன்புக் கஞ்சி வந்த வாளி, இரவல் வாங்கிய இடியப்பத் தட்டு, மகள் படிக்க வாங்கிய புத்தகம் எல்லாவற்றையும் தேடித் திருப்பிக் கொடுங்கள். கடைக் கொப்பியிலுள்ள கடன், பால்காரரின் கணக்கு, சீட்டுப் பணம் ஆகியவற்றைத் தீருங்கள். உங்களுக்கு வரவேண்டியதையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மின்சார, தண்ணீர் மானி வாசிப்புகளை வீட்டுக்காரர் முன்னிலையில் குறித்து, பட்டியலைச் செலுத்திய பற்றுச்சீட்டைக் காட்டினால் முற்பணத்தைத் திரும்பப் பெறும்போது சச்சரவு வராது.

மஹல்லாப் பள்ளிவாசலின் சந்தா நிலுவையையும் மறக்காதீர்கள். திருமணம், ஜனாஸா போன்ற காரியங்களில் ஜமாஅத் தொடர்பு தேவைப்படுவதால், பழைய பள்ளிவாசலில் ஒரு கடிதம் பெற்றுப் புதிய பள்ளிவாசலில் பதிந்துகொள்வது நல்லது.

பின்னர் அயல்வீடுகளுக்குச் சென்று ஸலாம் சொல்லி, தெரிந்தும் தெரியாமலும் செய்த தவறுகளுக்கு மன்னிப்புக் கேளுங்கள். பல நாள் பேசாதிருந்த அயலவர் இருந்தால், முதலில் போக வேண்டியது அந்த வாசலுக்குத்தான். ஊர் மாறிய பிறகு அந்த வாய்ப்புக் கிடைக்குமோ தெரியாது.

மாறும் நாள்

முதல் நாளே குளிர்சாதனப் பெட்டியை நிறுத்தி, நீரைத் துடைத்து உலரவிடுங்கள். அதை நிமிர்த்தியே ஏற்ற வேண்டும். போய்ச் சேர்ந்ததும் உடனே மின்சாரம் கொடுக்காமல் சில மணித்தியாலங்கள் விட்டுவையுங்கள். எரிவாயு சிலிண்டரின் ரெகுலேட்டரைக் கழற்றி, நிமிர்த்தி வைத்துக் கொண்டுபோங்கள். பூச்சாடி, வாளி, பீப்பாய்களிலுள்ள தண்ணீரைக் கொட்டித் தேய்த்துவிட்டு ஏற்றுங்கள். டெங்கு நுளம்பின் முட்டைகளையும் சேர்த்துக் கொண்டுபோக வேண்டாம்.

ஒரு பெட்டியை மாத்திரம் கடைசியாக ஏற்றி முதலில் இறக்குங்கள். அதில் முஸல்லா, கேத்தல், தேயிலை, சீனி, பால்மா, பாண், மருந்து, மெழுகுதிரி, தீப்பெட்டி, மின்குமிழ், சவர்க்காரம், படுக்கை விரிப்பு, நுளம்பு வலை, ஆளுக்கொரு மாற்றுடுப்பு இருக்கட்டும். மீதிப் பெட்டிகள் ஒரு வாரம் திறக்கப்படாமல் கிடந்தாலும் அன்றிரவு உங்கள் குடும்பம் நிம்மதியாகத் தூங்கும். மதிய உணவை உறவினர் ஒருவரிடம் சொல்லி வைத்தால் அடுப்புக் கவலையும் இல்லை.

புதிய வாசலில்

பிஸ்மி சொல்லி, ஸலாம் கூறி நுழையுங்கள். புதிய இடத்தில் இறங்கும்போது ஓத நபியவர்கள் கற்றுத் தந்த பாதுகாப்பு துஆவைப் பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுங்கள். அடுத்து கிப்லாவைச் சரியாகப் பார்த்து, தொழும் இடத்தைத் தீர்மானியுங்கள். எமது நாட்டிலிருந்து கிப்லா நேர் மேற்கல்ல, வடக்குப் பக்கம் சற்றுச் சாய்ந்தது. அருகிலுள்ள பள்ளிவாசலை வைத்து உறுதி செய்யலாம். அயலவர்களுக்கு, அவர்கள் எந்தச் சமயத்தவராயினும், ஒரு தட்டுப் பலகாரம் அனுப்புங்கள்.

சகோதரியே! எவ்வளவு ஆயத்தமானாலும் ஏதோ ஒன்று உடையும், ஏதோ ஒன்று தொலையும். அப்போது பொறுமையை இழக்காமலிருக்க வேண்டுமானால், உங்களால் முடிந்ததை முன்கூட்டியே செய்து முடித்திருக்க வேண்டும். நீங்கள் விட்டுச் செல்லும் வீட்டில் எவருடைய பாத்திரமும் எவருடைய மனத்தாங்கலும் மிஞ்சாதிருக்கவும், நீங்கள் நுழையும் வீட்டில் முதல் நாளே தொழுகையும் சிரிப்பும் நிலவவும் வல்ல அல்லாஹ் அருள் புரிவானாக! ஆமீன்.