இருசில்லு உழவு இயந்திரத்துக்கு ஏற்ற உழுகருவியைத் தெரிதல்

இருசில்லு உழவு இயந்திரம் தானாக நிலத்தை உழுவதில்லை. அதன் பின்னே பூட்டப்படும் கருவியே உழுகின்றது. இஃது எல்லோரும் அறிந்ததாயினும், இயந்திரத்துக்குப் பல கடைகளில் விலை கேட்டு அலையும் கமக்காரர், அதனுடன் சேர்த்துத் தரப்படும் கருவியைக் கேள்வியின்றி ஏற்றுக்கொள்வதே வழக்கமாயிருக்கின்றது. அவ்வாறு தரப்படுவது பெரும்பாலும் ரொட்டவேற்றர் என வழங்கும் சுழல் கலப்பையாகும். பின்னர் வயலிலும் அதுவே ஓடுகின்றது. மிளகாய்த் தோட்டத்திலும் வெங்காயத் தறையிலும் அதுவே ஓடுகின்றது. சில போகங்கள் சென்றபின் தோட்டத்தில் மழைநீர் தேங்குகின்றது, வெங்காயம் அழுகுகின்றது, கோரையும் அறுகும் முன்னையிலும் அடர்ந்து முளைக்கின்றன. பழியோ விதையின் மீதும் பசளையின் மீதும் சுமத்தப்படுகின்றது.

நெல்லும் மரக்கறியும் மண்ணிடம் வேண்டி நிற்பவை ஒன்றுக்கொன்று மாறானவை. நெல்வயலில் மண் நீருடன் குழைந்து சேறாதல் வேண்டும். மண்ணின் சிறு துளைகள் அடைபட்டு, மேல் மண்ணுக்குக் கீழே கடினமான படை ஒன்று அமைந்திருத்தல் நன்று. அப்படையே நீர் கீழிறங்கி வீணாகாது தடுக்கின்றது. சேற்றில் இறங்கும் இயந்திரத்தையும் தாங்குகின்றது. முற்காலத்தில் எருமைகளை வயலில் நடத்திச் சேறு மிதிப்பித்தமையும் இதன் பொருட்டே. மரக்கறிப் பயிருக்கு இவையாவும் தீமையாகும். மிளகாய், கத்தரி முதலியவற்றின் வேர்கள் காற்றோட்டத்தை நாடுபவை. மண் சிறு கட்டிகளாக நிற்றல் வேண்டும், மாவாதல் கூடாது. நீர் தேங்காது கீழே வடிதல் வேண்டும். ஆதலின் இயந்திரம் ஒன்றாயிருப்பினும் கருவி ஒன்றாயிருத்தல் பொருந்தாது.

பரிவலுவும் இழுவையும்

கருவியைப் பற்றிக் கேட்கும் பலர், தமது இயந்திரம் எத்தனை பரிவலு உடையது என்றே முதலிற் கூறுவர். அது வேண்டிய செய்திதான். எனினும் இழுத்து உழும் கருவிகளைப் பொறுத்தவரை அதனிலும் வேண்டியது இயந்திரத்தின் எடையும், சில்லு மண்ணைப் பற்றும் தன்மையுமாகும். இதனைச் சிறு கணக்கொன்றால் விளங்கிக்கொள்ளலாம்.

மண்புரட்டும் கலப்பை ஒன்று 20 சதமமீற்றர் அகலமாகவும் 12 சதமமீற்றர் ஆழமாகவும் மண்ணை வெட்டுவதாகக் கொள்வோம். வெட்டுமுகத்தின் பரப்பு 240 சதுர சதமமீற்றராகும். மணல் கலந்த இருவாட்டி மண்ணில் ஒவ்வொரு சதுர சதமமீற்றருக்கும் ஏறக்குறைய 0.3 கிலோகிராம் இழுவை வேண்டும். ஆகவே மொத்தம் 72 கிலோகிராம். கடுங்களி மண்ணில் இது 0.7 கிலோகிராமாக உயருமாயின், மொத்த இழுவை 168 கிலோகிராமாகின்றது. ஏறக்குறைய 300 கிலோகிராம் எடையுள்ள இருசில்லு இயந்திரமொன்று, ஈரமான தோட்ட மண்ணில் தன் எடையில் ஐந்தில் இரண்டு பங்களவே, அதாவது 120 கிலோகிராமளவே இழுக்கவல்லது. மணற்பாங்கான நிலத்தில் அக்கலப்பை இலகுவாகச் செல்லும். களி நிலத்திலோ சில்லு நின்ற இடத்திலேயே சுழலும், இயந்திரம் நகராது, எரிபொருள் மட்டும் கரையும்.

இங்கு கவனிக்கத்தக்கது யாதெனில், மணிக்கு 3 கிலோமீற்றர் வேகத்தில் 120 கிலோகிராம் பாரத்தை இழுப்பதற்குச் செலவாவது ஒன்றரைப் பரிவலுவிலும் குறைவாகும். 7 பரிவலு இயந்திரமாயினும் 12 பரிவலு இயந்திரமாயினும் சில்லு வழுக்குமிடத்து இரண்டும் ஒன்றே. கூடிய பரிவலுவுக்குக் கூடிய விலை கொடுத்தவர் இதனை வயலில் இறங்கிய பின்னரே அறிகின்றார். மன்னார் மாவட்டத்தில் முருங்கன் போன்ற இடங்களிலுள்ள கருங்களி மண்ணில் உழுவோர் 12 சதமமீற்றர் ஆழத்தை ஒரே தடவையில் எதிர்பார்த்தல் ஆகாது. முதல் உழவில் 8 சதமமீற்றர் ஆழத்துடன் நிறுத்தினால் வேண்டிய இழுவை 112 கிலோகிராமாகக் குறைந்து இயந்திரத்தின் ஆற்றலுக்குள் அமையும்.

சுழல் கலப்பை

சுழல் கலப்பை இவ்விடர்ப்பாட்டுக்கு மாற்றாக அமைந்தது. இதில் எஞ்சினின் வலு சில்லு வழியாக அன்றி, சுழலும் அலகுகளின் வழியாக நேரே மண்ணுக்குச் செல்கின்றது. அலகுகள் மண்ணை வெட்டிப் பின்னே எறியும்போது இயந்திரத்தையும் முன்னே தள்ளுகின்றன. ஆதலின் சில்லுப் பிடிப்புக் குறைந்த சேற்று நிலத்தில் இதற்கு நிகரான கருவி வேறில்லை. நெற்செய்கைக்கு இதனைத் தயக்கமின்றித் தெரியலாம்.

வேலையின் விரைவும் குறிப்பிடத்தக்கது. 60 சதமமீற்றர் அகலமுள்ள சுழல் கலப்பையால் ஓர் ஏக்கரை ஒரு முறை உழுது முடிக்க, பின்னே நடப்பவர் ஏறக்குறைய ஏழு கிலோமீற்றர் நடத்தல் வேண்டும். 20 சதமமீற்றர் அகலமுள்ள மண்புரட்டும் கலப்பையாயின் அந்நடை இருபது கிலோமீற்றராகும். சேற்றில் இருபது கிலோமீற்றர் நடப்பது இலேசான காரியமன்று. கருவியைப் பற்றிய ஆலோசனை கூறுவோர் இந்நடையைப் பெரும்பாலும் கணக்கில் எடுப்பதில்லை.

எனினும் இவ்விரைவே சிலரைத் தவறான வழியில் செலுத்துகின்றது. அறுவடைத் தாளை ஒரே ஓட்டத்தில் சேற்றுடன் கலந்து, மறுநாளே விதைத்துவிடுவோர் உளர். தாளும் களையும் உக்குவதற்கு நாள் வேண்டும். உக்காத தாள் நீரின்கீழ் அழுகும்போது இளநாற்று மஞ்சளாகி வளர்ச்சி குன்றும். முதலுழவுக்கும் இரண்டாம் உழவுக்கும் இடையே 10 முதல் 14 நாள் வரை நீரை நிறுத்திவைத்தல் வேண்டும். கருவி விரைவானதாயினும் உக்குதல் தன் காலத்திலேயே நிகழும்.

மேட்டு நிலத்தில் சுழல் கலப்பையின் குறைகள் வேறாகும். கோரைக் கிழங்குத் தொடரையும் அறுகின் தண்டையும் அது பல துண்டுகளாக நறுக்கித் தோட்டமெங்கும் பரப்புகின்றது. ஒவ்வொரு துண்டும் தனிச் செடியாக முளைக்கும். ஒரு மூலையில் இருந்த அறுகு ஓராண்டில் காணி முழுவதையும் பிடித்தமைக்குக் காரணம் பெரும்பாலும் இதுவேயாகும். மேலும் அலகுகள் ஒரே ஆழத்தில் மீண்டும் மீண்டும் ஓடுவதால் அவ்வாழத்தின் கீழே மண் இறுகிவிடுகின்றது. வயலில் விரும்பத்தக்க அப்படை தோட்டத்தில் வேரையும் நீரையும் தடுக்கின்றது.

கிராமங்களில் இருசில்லு இயந்திரம் எதுவாயினும் அதனை லான்ட்மாஸ்டர் என்றே அழைக்கும் வழக்கமுண்டு. 1950ஆம் ஆண்டுகளில் அப்பெயருடைய இயந்திரத்தின் ஆக்கத்தில் முதன்மைப் பங்கு கொண்டவர் இலங்கைப் பொறியியலாளர் ரே விஜேவர்தன (1924-2010) ஆவார். பின்னாளில் நைஜீரியாவின் இபாதான் நகரிலுள்ள சர்வதேச வெப்பமண்டல விவசாய நிறுவகத்தில் பணியாற்றிய அவர், வெப்பநாட்டு மேட்டு நிலங்களை அடிக்கடி கிளறுதல் மண்ணைக் கெடுக்குமெனக் கண்டு, உழவைக் குறைக்கும் முறைகளுக்காகவே வாதாடினார். இயந்திரத்தை ஆக்கியவரே அவ்வாறு கூறியது சிந்திக்கத்தக்கது.

மேட்டு நிலத்துக்கான கருவிகள்

தோட்டத்துக்குக் கொத்துக் கலப்பையே முதற்கண் வேண்டப்படுவது. அதன் பற்கள் மண்ணைக் கிழித்துக் கட்டிகளாக விடுகின்றன, மாவாக்குவதில்லை. களையின் கிழங்குகளை நறுக்காது மேலே இழுத்து வெயிலிற் போடுகின்றன. வெயில் காலத்தில் ஒரு வார இடைவெளியில் இருமுறை ஓட்டி, வெளிவந்த கிழங்கை வாரி அகற்றினால் கோரையின் தொல்லை பெரிதும் குறையும். இழுவை மிகுமாயின் இடையிடையே சில பற்களைக் கழற்றிவிடலாம். இவ்வசதி வேறு கருவிகளில் இல்லை. நெடுநாள் தரிசாய்க் கிடந்த நிலத்தையும், பசுந்தாட் பசளையைப் புதைக்க வேண்டிய நிலத்தையும் மண்புரட்டும் கலப்பையால் உழுதல் நன்று. சால் அமைக்கும் கருவியை மிளகாய்ச் செய்கை பெரிதாக உடையோர் வாங்கலாம். ஏனையோருக்கு மண்வெட்டியே போதும்.

பெரும்போகத்தில் நெல்லும் சிறுபோகத்தில் மிளகாய் அல்லது பெரிய வெங்காயமும் ஒரே வயலிற் செய்யும் கமக்காரரின் நிலை சற்றுக் கடினமானது. மகாவலி எச் வலயத்தில் இம்முறை பரந்து காணப்படுகின்றது. இவர்கள் கீழ்ப்படையை உடைத்தால் அடுத்த பெரும்போகத்தில் வயல் நீரைத் தாங்காது. உடைக்காவிடின் வெங்காயத்தில் நீர் தேங்கும். படையை உடைக்காது, மேல் மண்ணைக் கொத்துக் கலப்பையாற் கிளறி, மேடைகளை உயர்த்தி அமைத்து, இடையே ஆழமான வடிகால் வெட்டுதலே தக்க வழியாகும். இங்கு வடிகாலே பயிரைக் காக்கின்றது. எந்தக் கருவியும் அதற்கு ஈடாகாது.

இரும்புச் சில்லு கலப்பையன்று. எனினும் வயலுடையோர் அதனைத் தவறாது வாங்குதல் வேண்டும். சேற்றில் இறப்பர்ச் சில்லு வழுக்கும். இரும்புச் சில்லின் தகடுகள் சேற்றைப் பற்றி இயந்திரத்தை நகர்த்துவதுடன் தாமே சேறடிக்கும் வேலையையும் செய்கின்றன. அதனைப் பூட்டியபடி தெருவில் ஓட்டலாகாது.

ஆபத்துகள்

சுழல் கலப்பையின் அலகு சுழலும்போது இயந்திரத்தைப் பின்னோக்கிச் செலுத்துதல் உயிருக்கு ஆபத்தானது. வரம்போரத்தில் இடமின்றிப் பின்வாங்கும்போது, பின்னே நடப்பவர் சேற்றில் கால் புதைந்து விழுந்தால் அலகுகள் அவர் மீதே ஏறும். பின் கியர் போட்டவுடன் அலகின் சுழற்சி தானாக நிற்கும் அமைப்பு உள்ளதா என வாங்குமுன் பார்த்தல் வேண்டும். அவ்வமைப்பு உள்ள இயந்திரத்திலும் சிலர் அதனைத் தொல்லையெனக் கருதிக் கழற்றிவிடுகின்றனர். இது செய்யத்தகாதது. பழைய இயந்திரம் வாங்குவோர் இதனைச் சிறப்பாகச் சோதித்தல் வேண்டும். அலகில் சுற்றிய வைக்கோலை எஞ்சினை நிறுத்திய பின்னரே அகற்றுதல் வேண்டும்.

பெட்டி பூட்டிப் பாரம் ஏற்றி இறக்கத்தில் செல்லும்போது திருப்பும் பிடிகள் மாறாக வேலை செய்யும். இடப்பிடியை அழுத்தினால் இடச்சில்லு தளர்ந்து விரைந்தோட, எஞ்சினால் தடுக்கப்பட்ட வலச்சில்லு பின்தங்கும். வண்டி வலப்புறம் திரும்பும். இதனை அறியாதோர் குளக்கட்டிலிருந்து இறங்கும்போது விபத்துக்குள்ளாவர். இறக்கத்தில் அப்பிடிகளைத் தொடாது, தாழ்ந்த கியரில் மெதுவாக இறங்குதல் வேண்டும். தடுப்பு இல்லாத பெட்டியை எவ்வளவு மலிவாகக் கிடைப்பினும் வாங்குதல் கூடாது.

வாங்கும் வேளையில்

ஒரே தோற்றமுடைய கருவிகள் யாவும் ஒரே இயந்திரத்துக்குப் பொருந்துவதில்லை. பூட்டும் துளைகளின் இடைவெளியும் ஆணியின் பருமனும் வேறுபடும். ஆதலின் கருவியை வீட்டுக்குக் கொண்டு சென்ற பின்னன்றி, கடையிலேயே தமது இயந்திரத்தில் பூட்டிப் பார்த்தல் வேண்டும். அலகுகள் தேயும் பொருள். அவை அண்மையிலுள்ள நகரத்தில் கிடைக்குமா என விசாரித்தல் நன்று. வளைந்த அலகுகள் சேற்றுக்கும், எல் எழுத்து வடிவ அலகுகள் உலர்ந்த நிலத்துக்கும் ஏற்றவை. தேய்ந்த அலகு ஆழம் செல்லாது எரிபொருளை வீணாக்கும். 2022ஆம் ஆண்டு டீசலுக்காக வரிசையில் நின்றவர்களுக்கு இவ்வீணின் பெறுமதியை விளக்க வேண்டியதில்லை.

இரண்டு ஏக்கருக்கு உட்பட்ட வயலும் சிறு தோட்டமும் உடையவர், இரும்புச் சில்லையும் கொத்துக் கலப்பையையும் சொந்தமாக வாங்கி, சுழல் கலப்பையை வேண்டிய சில நாட்களுக்கு வாடகைக்குப் பெறுவது சிக்கனமாகும். வயல் மட்டும் உடையவருக்குச் சுழல் கலப்பையே முதற்கருவி. மண் எவ்வகையினது என ஐயமுள்ளவர்கள், பணம் கொடுக்குமுன் தமது பகுதி விவசாயப் போதனாசிரியரை அழைத்து நிலத்தைக் காட்டுதல் வேண்டும். இயலுமாயின் அயலவரின் கருவியைத் தம் நிலத்திலேயே, உழவுக்கேற்ற ஈரம் இருக்கும் நாளில், ஒரு பாத்தியளவு ஓட்டிப் பார்த்து, சில்லு வழுக்குகின்றதா, கட்டி எவ்வளவில் உடைகின்றது என்பவற்றைக் கவனிக்கலாம்.