ஹெட்போனுக்கு எத்தனை வோல்ற் தேவை?

1990இல் குடாநாட்டுக்கு மின்சாரம் நின்ற பிறகு, தொண்டைமானாற்றில் எங்கள் வீட்டு றேடியோ சைக்கிள் டைனமோவில்தான் பாடியது. பொருளாதாரத் தடையில் பற்றரியும் அடக்கம். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து ஒருவர் பெடலைச் சுற்ற, மற்றவர்கள் செய்தி கேட்போம். டைனமோவில் 6 வோல்ற் என்று எழுதியிருக்கும். ஆனால் பல்ப்பைக் கழற்றிவிட்டு வேகமாகச் சுற்றினால் அது அதைவிடக் கூடத் தரும். அப்படித்தான் எங்கள் றேடியோ கருகியது.

அதே கணக்குத்தான் இன்று ஹெட்போனுக்கும். ஷெல் சத்தத்தில் காது மந்தமான என்னைப் போன்றவர்கள், கைபேசியில் சத்தம் போதவில்லை என்று அம்ப்ளிபையர் தேடுகிறோம். வாங்குமுன் ஹெட்போன் பெட்டியில் இரண்டு எண்களைப் பாருங்கள். ஒன்று, மின்தடை எத்தனை ஓம் என்பது. மற்றது, 1 மில்லிவாற் கொடுத்தால் எத்தனை டெசிபல் சத்தம் வரும் என்பது.

வோல்ற்றை அதே வோல்ற்றால் பெருக்கி ஓமால் வகுத்தால் வாற் வரும். 1 மில்லிவாற்றுக்கு 100 டெசிபல் தரும் இரண்டு ஹெட்போன்களை எடுப்போம். அந்த 100 டெசிபலுக்கு 32 ஓம் ஹெட்போனுக்கு 0.18 வோல்ற் போதும். 300 ஓம் ஹெட்போனுக்கு 0.55 வோல்ற் வேண்டும். இன்னும் 10 டெசிபல் கூட்டுவதற்குப் பத்து மடங்கு சக்தி தேவை. அப்போது முன்னதற்கு 0.57 வோல்ற்றும் பின்னதற்கு 1.73 வோல்ற்றும் ஆகும். கைபேசிகள் பெரும்பாலும் 1 வோல்ற் அளவில் நின்றுவிடும். ஆகவே கைபேசியில் கேட்பவர் குறைந்த ஓம் உள்ளதையே வாங்கலாம், அம்ப்ளிபையர் தேவையில்லை.

ஸ்பீக்கருக்கான அம்ப்ளிபையரில் ஹெட்போனை நேரே கொழுவவே கூடாது. 8 ஓம் ஸ்பீக்கருக்கு 20 வாற் தரும் அம்ப்ளிபையரின் வெளியீடு ஏறத்தாழ 12.6 வோல்ற். 32 ஓம் ஹெட்போனுக்குள் அது 5 வாற், அதாவது 5000 மில்லிவாற் ஆகப் பாயும். ஹெட்போன் கருகும். அதற்கு முன் காது போய்விடும்.

80 டெசிபல் சத்தத்தை வாரத்துக்கு 40 மணித்தியாலம் கேட்கலாம், 90 டெசிபல் என்றால் 4 மணித்தியாலம்தான் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஏற்கெனவே பழுதான காதுக்குச் சத்தத்தைக் கூட்டுவது மருந்தல்ல. சொல் தெளியாது, மிச்சக் கேள்திறனும் தேயும். காதில் ஓயாத இரைச்சல் இருந்தால், அம்ப்ளிபையர் வாங்க வைத்த காசோடு முதலில் காது, மூக்கு, தொண்டை வைத்தியரிடம் போய்க் கேட்டல் பரிசோதனை செய்யுங்கள். கருகிய றேடியோவுக்குப் பதில் இன்னொன்று கிடைத்தது. காதுக்கு அப்படி இல்லை.