நரிக்கும் மானுக்கும் ஒரே துப்பாக்கியா?

ஒரே கல்லில் இரண்டு மாங்காய் அடிக்க யாருக்குத்தான் ஆசை இருக்காது? இங்கிலாந்தின் கிராமப்புற விவசாயிக்கும் அந்த ஆசை உண்டு. ஆட்டுக்குட்டியைத் தூக்கிச் செல்லும் நரியையும் சுட வேண்டும். இளமரங்களை மேய்ந்து அழிக்கும் மானையும் சுட வேண்டும். ஆனால், அங்கே காவல்துறை தரும் உரிமத்தில் ஒவ்வொரு ரைபிளும் அதன் காலிபரோடு குறிக்கப்படுகிறது. ஒவ்வொன்றுக்கும் தக்க காரணம் காட்ட வேண்டும். ஆகவே, இரண்டுக்கும் பொருந்தும் ஒரே ரைபிளைப் பலர் தேடுகின்றனர்.

காலிபர் என்பது துப்பாக்கிக் குழலின் உள்விட்ட அளவு. நரியின் எடை சுமார் 6 கிலோ. ரோ மான் 20 கிலோவுக்கு மேல் இருக்கும். ஆண் சிவப்பு மானோ 100 கிலோவையும் தாண்டும். இவற்றில் எதை அளவுகோலாகக் கொள்வது? பெரிய விலங்கைத்தான். காரணம், வலுவில்லாத குண்டு பட்ட மான் உடனே சாவதில்லை; காயத்தோடு காட்டுக்குள் ஓடி, வதைபட்டுச் சாகிறது.

இதனால்தான் இங்கிலாந்து, வேல்ஸ் பகுதிகளுக்கான 1991ஆம் ஆண்டு மான் சட்டம், காலிபர் 0.240 அங்குலத்துக்கும், குழல்வாயில் குண்டின் ஆற்றல் 1,700 அடி-பவுண்டுக்கும் குறையக்கூடாது என்கிறது. நரிக்கு அத்தகைய வரம்பு இல்லை. நரி வேட்டைக்குப் பெயர்பெற்ற .223 காலிபர் இந்தத் தேர்வில் தோற்றுவிடுகிறது. நம்மூர் கிஜாங் இனத்தைச் சேர்ந்த மன்ட்ஜாக், சீன நீர்மான் ஆகிய சிறிய மான்களுக்கு மட்டுமே அங்கே அதற்கு இடமுண்டு. மறுபுறம், .308 பெரிய மானையும் வீழ்த்தும். ஆனால் நரிக்கு அது குருவியைச் சுடப் பீரங்கி கொண்டுவந்த கதை. தோளில் உதைப்பும் அதிகம்.

இடையில் நிற்பது .243 வின்செஸ்டர். .308 தோட்டாவின் கழுத்தைக் குறுக்கி 1955இல் வெளிவந்தது. சட்ட வரம்பைத் தொடுகிறது, உதைப்பும் குறைவு.

காலிபர் சரியாக இருந்தால் போதுமா? போதாது. நரிக்கென உள்ள 58 கிரெயின், அதாவது சுமார் 3.8 கிராம் குண்டு, பட்டதும் சிதறிவிடும். அதையே மானின் தோளில் பாய்ச்சினால், உள்ளுறுப்பை எட்டுமுன் உடைந்துவிடலாம். மானுக்கு 100 கிரெயின் போன்ற கனமான குண்டே நல்லது. ஸ்காட்லாந்தில் பெரிய மான்களுக்கு அதுவே குறைந்தபட்ச எடையாக இருந்தது. ஈயமற்ற குண்டுகளுக்கு வழிவிட 2023இல் அது 80 கிரெயினாகக் குறைக்கப்பட்டது. குண்டை மாற்றினால் அது படும் இடமும் மாறும். எனவே, ஒவ்வொரு முறையும் இலக்குப் பலகையில் சுட்டுச் சரிபார்க்க வேண்டும். அல்லது இரண்டுக்கும் மானுக்குரிய குண்டையே பயன்படுத்த வேண்டும்.

இன்னொன்று. நரியை இரவில் சுடலாம். இங்கிலாந்தில் மானைத் தனி அனுமதியின்றி இரவில் சுடக்கூடாது. விளக்கொளியில் மின்னும் கண்கள் எந்த விலங்குடையவை, அதன் பின்னால் குண்டைத் தாங்க மண்மேடு உண்டா என்று உறுதி செய்யாமல் விசையைத் தொடக்கூடாது. குறி தவறிய குண்டு இரண்டு கிலோமீட்டருக்கு அப்பாலும் உயிரைப் பறிக்கும். எந்தக் காலிபரைத் தேர்ந்தெடுத்தாலும் இந்தப் பொறுப்பு சுடுபவருடையதே.